ஆனைக்காலுக்கு ஆறாம் நெம்பர் செருப்பு

காப்பிப் பழம் பறிக்கிற மாதங்கள் எனக்குத் திருவிழா மாதிரி இருக்கும். மற்ற பெண்களுக்கு அது இடுப்பு ஒடிகிற காலம். விடியும்போதே செடிகளெல்லாம் பனித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். கிளையை வளைத்தால் தோள்வரை நனைந்துவிடும். குளிருக்கும் முள்ளுக்கும் அட்டைக்கும் பயந்து எல்லாரும் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை பழைய துணியைக் கிழித்து இறுக்கிச் சுற்றிக்கொள்வோம். சிலர் கம்பளிக் கிழிசலைச் சுற்றுவார்கள், சிலர் புருசனுடைய பழைய வேட்டியைச் சுற்றுவார்கள். சேலையைத் தூக்கிச் செருகி, வயிற்றில் சாக்கைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றால் எந்தக் கால் யாருடையது என்று தெரியாது. எல்லார் காலும் ஒரே மாதிரி மூட்டையாக இருக்கும். திருவிழா என்று நான் சொன்னது அதற்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு. துணி சுற்றுகிற மாதங்களில் எனக்குக் கால் வலி குறைந்துவிடும். மற்ற மாதங்களில் பொழுது சாயும்போது இரண்டு காலிலும் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினது போலக் கனக்கும். ஏன் அப்படி என்று நான் யோசித்ததே இல்லை. பழம் பறிக்கிற மும்முரத்தில் வலி மறந்துபோகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காலைப் பற்றி எழுத எனக்கு இந்த வயசிலும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மகள் சோற்றை விட்ட வருசத்தைப் பற்றி எழுத வேண்டுமென்றால் என் காலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எட்டு மாதம் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒரே பிள்ளை. அவளைப் பறிகொடுத்துவிடுவோம் என்றே நானும் அவள் அப்பாவும் பயந்தோம்.

நான் வயசுக்கு வருகிறவரைக்கும் என் கால் எல்லாப் பிள்ளைகளுடைய கால் மாதிரிதான் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருசத்தில் இடுப்புக்குக் கீழே நான் வேறு ஆளாகிவிட்டேன். மேலே கழுத்தெலும்பு தெரியும், கை குச்சியாக இருக்கும். கீழே தொடையும் ஆடுசதையும் தூண் மாதிரி. கணுக்கால் வந்ததும் கயிறு போட்டுக் கட்டினது போல அந்தப் பருமன் சட்டென்று நின்றுவிடும். அதற்குக் கீழே பாதம் மட்டும் பள்ளிக்கூடம் போன காலத்துப் பாதம். எதிலாவது லேசாக உரசினால் போதும், நீலமாகக் கன்றிவிடும். அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அம்மா சேலையைத் தரையில் புரளக் கட்டுவாள். நானும் அப்படியே கட்டினேன்.

கல்யாணமாகி எஸ்டேட் லைன் வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் காலில் கிளை குத்திப் புண்ணாகிவிட்டது. மருந்து போட எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த கம்பவுண்டர் சேலையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னவர், புண்ணை விட்டுவிட்டுக் காலையே பார்த்தார்.

"இது ஆனைக்காலும்மா. கீழ இருக்கற கொசு கடிச்சு வர்றது."

"நான் மலைய விட்டுக் கீழ எறங்கினதே இல்லீங்களே."

"நீ எறங்கலேன்னா உன்ற பாட்டன் எறங்கலியா? எல்லாம் கீழ இருந்து வந்த குடும்பந்தானே? அப்பக் கடிச்சது இப்பக் காட்டுது."

பாட்டனைக் கடித்த கொசு பேத்தி காலில் எப்படி வீங்கும் என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. மாத்திரை கொடுத்தார். தின்றால் தலை சுற்றும், வாந்தி வரும். கால் இம்மியும் இறங்கவில்லை. ஆனால் அந்தச் சொல் எனக்கு முன்னாலேயே லைனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆனைக்கால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, தோட்டத்தில் எல்லாரும் குடிக்கிற தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நான் போனாலே பேச்சு நின்றுவிடும். நானே தனியாக ஒரு சொம்பு கொண்டுபோக ஆரம்பித்தேன்.

பக்கத்து வரிசையில் பழம் பறிக்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். ஒல்லிக்குச்சி, வாய் மட்டும் நீளம். அவள் ஒருநாள் எல்லார் முன்னாலும் என் சொம்பை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

"அக்கா, ஒட்டிக்கும்ங்கறாங்க" என்றேன்.

"ஒட்டட்டும் புள்ள. இந்தக் கொக்குக் காலுக்குக் கொஞ்சம் சதை வந்தா என்ற ஊட்டுக்காரராச்சும் திரும்பிப் பாப்பாரு."

காடே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் இப்போது இல்லை. மார்கழிப் பனியில் அந்தக் காட்டுப் பக்கம் போனால் எனக்கு முதலில் அவள் குரல்தான் ஞாபகம் வரும்.

மகள் பிறந்து தவழ ஆரம்பித்ததும் மடியில் வந்து ஏறுவாள். சின்ன முழங்கால் என் தொடையில் ஊன்றினால் உயிர் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிப் பக்கத்தில் உட்காரவைத்துவிடுவேன். வலி ஒரு பக்கம், ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் ஒரு பக்கம். அவள் தட்டு தனி, டம்ளர் தனி. மழை பெய்து ஒரு வாரத்தில் காப்பிச் செடி பூக்கும்போது மலை முழுக்க மல்லிகை மாதிரி வாசம் அடிக்கும். அந்த நேரத்தில் அவள் அப்பா அவளைத் தோளில் உட்காரவைத்துக் காடு சுற்றிக் காட்டுவார். "அம்மா தூக்கு" என்று அவள் கையை நீட்டுவாள். "அம்மாவுக்கு வேலை இருக்குது கண்ணு" என்று சொல்லிவிடுவேன்.

அவளை நாகலூரில் கட்டிக் கொடுத்தோம். மருமகன் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவர், நல்ல பையன். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகுதான் வந்தது வினை. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவள், மழையில் நனைந்த பாவாடையைப் பிழிந்தாள். அப்போது பார்த்தேன். என் கால். அச்சு அசலாக என் கால். தட்டு தனி, டம்ளர் தனி என்று அவ்வளவு பார்த்தும் கடைசியில் ஒட்டவைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அவள் நாத்தனார் சும்மா இருக்கவில்லை. "உங்கம்மா பித்தளை அண்டா சீரு குடுக்கலேன்னு பாத்தா, காலையே சீராக் குடுத்து அனுப்பியிருக்காங்க" என்றாளாம். மகள் என்னிடம் இதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலைக் காட்டிய ஆஸ்பத்திரியிலெல்லாம் உடம்பைக் குறை, உடம்பைக் குறை என்றார்கள். அவள் குறைக்க ஆரம்பித்தாள். முதலில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். அப்புறம் காலைச் சாப்பாட்டை விட்டாள். மத்தியானம் ஒரு கை களி. பிறகு அதுவும் இல்லை, மோர்த் தண்ணீர் மட்டும். கன்னம் ஒட்டியது. ரவிக்கை தொளதொளத்தது. கால் மட்டும் அப்படியே இருந்தது. கால் குறையவில்லையே என்று இன்னும் குறைத்தாள். நான் பலாச்சுளையைத் தேனில் ஊறவைத்துக் கொண்டுபோவேன். சின்ன வயசில் அதற்காகச் சண்டை போட்டவள்.

"ஒரு சுளை தின்னு சாமி."

"இதெல்லாம் தின்னுதாம்மா உனக்கு அப்புடி ஆச்சு?"

அவள் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏ புள்ள, பெத்தவ நீ சொன்னாக் கேக்க மாட்டாளா?" என்பார். கேட்க மாட்டாள். என் காலைப் பார்த்துத்தானே அவள் பயந்துபோய்ப் பட்டினி கிடக்கிறாள்.

ஒருநாள் ஏற்காட்டில் அவளும் நானும் செருப்பு வாங்கப் போனோம். கடை வைத்திருந்த பாய் எனக்கு ரொம்ப வருசமாகத் தெரிந்தவர். படி ஏறும்போதே மகளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து, பெஞ்சில் அப்படியே சாய்ந்துவிட்டாள். பாய் ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையில் சோடா வாங்கி வந்தார். சர்க்கரை போட்டால் குடிக்க மாட்டேன் என்று அந்த மயக்கத்திலும் சொன்னாள்.

"பாப்பாவுக்கு என்னங்கம்மா?" என்று பாய் கேட்டார்.

மகளே சொன்னாள். "ஆனைக்காலுங்க பாய். எங்கம்மாவுக்கு இருக்கறது எனக்கும் வந்துருச்சு. அதான் சோத்தக் கொறைச்சிருக்கறன்."

பாய் அவள் காலில் போட்டுப் பார்க்க எடுத்துவைத்த செருப்பைத் திருப்பி அடியில் பார்த்தார்.

"ஆனைக்காலா? சேலத்துல எங்க வாப்பா கடையில ஆனைக்காலுக்காரங்களுக்கு நானே செருப்பு தச்சுக் குடுத்திருக்கறனுங்க. பாதம் பன்னு ரொட்டியாட்டம் வீங்கியிருக்கும், வாரு ஏறாது. இந்த அம்மாவுக்கு இருவது வருசமா ஆறாம் நெம்பர் குடுக்கறன். உனக்கும் ஆறாம் நெம்பர். ஆனைக்காலுக்கு எங்கம்மா ஆறாம் நெம்பர் ஏறும்?"

நான் என் பாதத்தைப் பார்த்தேன். அவள் பாதத்தையும் பார்த்தேன். அவர் விடவில்லை. கால் ரத்தக்குழாய் பார்க்கிற ஒரு டாக்டரம்மா சேலத்தில் இருக்கிறார், போய்க் காட்டுங்கள் என்று ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. மகள் மட்டும் அந்தச் செருப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் பேத்தியை அவள் தாத்தாவிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினோம். டாக்டரம்மாவுக்கு என் மகளைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். மகளைக் கட்டிலில் உட்காரவைத்து இரண்டு காலையும் பார்த்தார். நீலமாகக் கன்றியிருந்த இடத்தைக் காட்டி, "எங்க இடிச்சுக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"இடிக்கலீங்க. எம் பொண்ணு மடியில ஏறினாலே இப்புடி ஆயிருது. வலி பொறுக்க முடியாம அவளைத் தூக்கிக் கீழ விட்டுர்றனுங்க. பாவம், அழுகறா."

இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மெட்டியக் கொஞ்சம் கழட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

மகள் என்னைப் பார்த்தாள். புருசன் இருக்கும்போது மெட்டியைக் கழற்றுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. "அது கழட்டக் கூடாதுங்களே" என்று இழுத்தேன். அவர் சிரித்தார். "சரி, நகத்துப் பக்கமா நகத்துனாப் போதும்."

மெட்டி நகர்ந்த இடத்தில், இரண்டாவது விரலின் அடியில், தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினார். லேசாக மடிந்து தூக்கிக்கொண்டு வந்தது.

"பாருங்க. ஆனைக்கால்னா இந்த எடத்துல தோலைக் கிள்ளவே முடியாது, கெட்டிப்பட்டுப் போயிருக்கும். இது அது இல்லீங்க." பிறகு எழுத உட்கார்ந்தவர், என்னைப் பார்த்துக் கேட்டார். "அம்மா, உங்க குடும்பத்துல வேற பொம்பளைங்க யாருக்காச்சும் இந்த மாதிரிக் காலு இருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இப்போதுதான் மகளுக்கு ஆனைக்கால் இல்லை என்று சொல்லியிருக்கிறார். எனக்கு ஆனைக்கால் என்று தெரிந்தால் அந்தச் சொல்லை மறுபடியும் அவள் சீட்டில் எழுதிவிடுவார் என்று பயந்தேன். சேலையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். மகளுக்கு எல்லாம் தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "அம்மா வழியில யாருக்காச்சும் இருந்தா இதுதான்னு ஓரளவு உறுதியாச் சொல்லிருவேன். இல்லேன்னா வேற என்ன காரணம்னு டெஸ்ட் எல்லாம் பாத்துத்தான் சொல்லணும்."

"அப்ப வெறும் கொழுப்புத்தானுங்களா?" என்றாள் மகள். "நான் இன்னும் கொறைக்கணுங்களா?"

கேட்டுக்கொண்டே முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். கண்ணாடி வளையல் எல்லாம் சரசரவென்று முழங்கைவரை ஓடிப்போய் நின்றது.

நான் எழுந்து நின்றேன். "பொய் சொல்லிட்டனுங்க" என்று சொல்லிவிட்டுச் சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். என் வீட்டுக்காரருக்கே வெளிச்சத்தில் காட்டாத கால். "எங்கம்மாவுக்கும் இப்புடித்தானுங்க இருந்துச்சு."

டாக்டரம்மா என் முன்னால் தரையிலேயே குத்தவைத்து உட்கார்ந்தார். என் மெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எப்பப் போட்டதுங்கம்மா?"

"கண்ணாலத்தன்னிக்குப் போட்டதுங்க. இன்னும் லூசாத்தான் சுத்துது."

"கொலுசு?"

"கொலுசு பதினெட்டு வயசுலயே ஏறலீங்க."

"மெட்டி சுத்துது, கொலுசு ஏறல" என்று சொல்லிக்கொண்டே விரல் தோலைக் கிள்ளினார். எனக்கும் தூக்கிக்கொண்டு வந்தது. "இதத்தாங்கம்மா நான் தேடிட்டு இருந்தேன். உங்களுக்கும் ஆனைக்கால் இல்லை. எப்பவுமே இருந்ததில்லை."

எப்பவுமே இருந்ததில்லை. தனிச் சொம்பும் தனித் தட்டுமாக அத்தனை வருசம்.

நோய்க்கு லிப்பிடீமா என்று பேர் சொன்னார். பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வரும், வயசுக்கு வரும்போதோ பிள்ளை பெற்ற பிறகோ தலை காட்டும், அம்மாவிடமிருந்து மகளுக்கு இறங்கும், ஆனால் தொட்டால் ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை என்றார். தோலுக்கு அடியில் கொழுப்பு ஒரு தினுசாகப் படிகிறதாம். பாதத்தை மட்டும் விட்டுவிடுமாம். தொட்டால் வலிப்பதும், லேசாகப் பட்டாலே கன்றுவதும் அதனால்தானாம். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"பட்டினி கெடந்தா மொகம் வத்தும், நெஞ்சு வத்தும். இந்தக் காலு வத்தாது. நீங்க தின்னு வந்ததும் இல்லை, தின்னாம இருந்து போறதும் இல்லை. உடம்பு மேலும் ஏறாம அளவாச் சாப்புடணும், ஆனாச் சாப்புட்டே ஆகணும்."

முழுசாகக் குணமாக மருந்து இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். நடக்க வேண்டும், உட்காரும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும், தோலைப் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், காலுக்கு இறுக்கமான உறை போட வேண்டும். எப்போதாவது வலி குறைந்து பார்த்திருக்கிறீர்களா என்று என்னைக் கேட்டார். பழம் பறிக்கப் போகும்போது துணி சுற்றுவதைச் சொன்னேன். எப்படிச் சுற்றுவீர்கள் என்று கேட்டு, ஒரு பேண்டேஜ் துணியைக் கொடுத்துச் சுற்றிக் காட்டச் சொன்னார். கணுக்காலில் இறுக்கி, மேலே போகப்போகக் கொஞ்சம் தளர்த்திச் சுற்றினேன்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"அட்டைதானுங்க" என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனால் அவரும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த உறையை முதலில் போட்டுப் பழகிய கூத்தைச் சொல்லி மாளாது. மகள் கொஞ்ச நாள் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். காலையில் அவளும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்போம், அரிசி மூட்டைக்குள் பூசணிக்காயைத் திணிக்கிற மாதிரி. இரண்டு பேரும் சாயங்காலம் ஏற்காட்டு ஏரியைச் சுற்றி நடப்போம். வெயில் காலத்தில் உறை எரியும், கழற்றி வீசலாம் போல இருக்கும். மகளுக்குக் கால் சின்னதாகிவிடவில்லை, எனக்கும் இல்லை. வலி பாதிக்கு மேல் குறைந்தது. இதெல்லாம் பிற்பாடு.

அன்றைக்கு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் மகள் எனக்கு முன்னால் நடந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னத் தட்டை மாதிரி இருக்கிற இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காரச் சட்னி தடவி, பீட்ரூட்டும் காரட்டும் துருவி வைத்து மூடிக் கொடுப்பார்கள். அவள் நின்றாள். நானும் நின்றேன்.

"ஒரு செட்டு குடுங்கண்ணா" என்றாள்.

கையில் வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்தாள். ஓரத்தில் கொஞ்சம் கடித்தாள். சட்னி உறைத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. "பாத்துக்கிட்டே நிக்காதம்மா, எனக்கு என்னவோ மாதிரி இருக்குது. நீயும் தின்னு" என்றாள். ஆளுக்கு ஒன்று தின்றோம். அவள் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நாலு செட் பொட்டலம் கட்டி ஒரு துணிப்பையில் வாங்கிக்கொண்டேன்.

பஸ் மலை ஏறியது. ஐந்தாறு வளைவு போவதற்குள் மகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டாள். வெறும் வயிற்றுக்கு அந்தக் காரம் ஒத்துக்கொள்ளவில்லை. பின் சீட்டுக்காரம்மா எலுமிச்சம்பழம் கொடுத்தாள். நான் முதுகைத் தடவினேன். அவ்வளவுதான், இனி எதையும் தொட மாட்டாள் என்று நினைத்தேன்.

இரண்டு வளைவு தாண்டியது. வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"பசிக்குதும்மா."

"இப்பத்தானே கண்ணு எல்லாத்தையும் வெளிய..."

"அதான் பசிக்குது. அந்தப் பையக் குடு."

கொடுத்தேன். குளிர்ந்த காற்று அடிக்கிற இடம் வரும்வரைக்கும் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகத் தின்றாள். தாடை அசைவதையே நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏற்காட்டில் அவள் அப்பா பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார். இறங்கியதும், "நோவுக்கு என்ன பேராம்?" என்று கேட்டார்.

"லிப்பிடீமாப்பா."

"டீயா? மூணு தலைமுறையாக் காப்பிக் காட்டுல கெடந்துட்டு, நமக்கு வந்த நோவு டீயிலயா வரணும்?" என்றார். பயம் வந்தால் அவர் இப்படித்தான் எதையாவது சொல்லுவார். அப்புறம் என் கையைப் பார்த்தார். "ஏனம்மா, சேலம் போய்ட்டு எனக்கு ஒண்ணும் வாங்கியாரலியா?"

"தட்டுவடை செட்டு வாங்கினோம்ப்பா. நாலு" என்றாள் மகள். "வர்ற வழியில நாந்தான் தின்னுட்டேன்."

"நாலுமா?"

"நாலும்."

அவர் துணிப்பையை வாங்கி உள்ளே பார்த்தார். தூள் மட்டும் இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டே, பையை உதறாமல் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நல்லதுங் கண்ணு" என்றார்.